பத்துக்குப் பத்து

மங்களாம்பிகைக்குத்தான் முதலில் சர்க்கரை வந்தது. எட்டு வருஷம் ஆகிறது. அவளுடைய ஓரகத்தி குந்தவைக்கு அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. இந்த முன்பின்னை எதற்குச் சொல்கிறேன் என்றால், மங்களம் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வியாதியில்கூடத் தான்தான் மூத்தவள் என்ற நினைப்பு. குந்தவைக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று, "என்னையப் பாத்து அவளுக்கும் வந்துடுச்சு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை.

அண்ணன் தம்பி இரண்டே பேர். மூத்தவர் ரெங்கசாமி, மங்களத்தின் புருஷன். இளையவன் ராஜ்குமார், குந்தவையின் புருஷன். அம்மாபேட்டையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, வெண்ணாற்றுத் தண்ணீர் பாயும் ஊர். அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள்; வாசலை மட்டும் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் மங்களம் பாதி நிம்மதியாக இருந்திருப்பாள். குந்தவை வாங்குகிற புடவை, குந்தவை வீட்டு விரால் குழம்பு, ஞாயிற்றுக்கிழமையானால் சிங்கப்பூரிலிருந்து மகன் பேசுகிற வீடியோ கால், எதுவும் அவள் கண்ணுக்கும் காதுக்கும் தப்பியதில்லை. இருபத்தாறு வருஷமாக அந்த வாசலைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தாள். குந்தவை கெட்டவளாக இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். அது தனி எரிச்சல்.

ஆனி மாதம், குறுவை நடவு நடந்துகொண்டிருந்தபோது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சர்க்கரைக்காரர்களுக்குக் கால் பார்க்கும் முகாம் போட்டார்கள். மாதா மாதம் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் நர்ஸ் நூர்ஜஹான்தான் வந்திருந்தாள். ஓரகத்திகள் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

"சர்க்கரைக்குக் கண்ணைப் பாத்தீங்க, சரி. காலை எதுக்கு சிஸ்டர் பாக்கறீங்க? எனக்கு ஒரு வலியும் கெடையாது" என்றாள் மங்களம்.

"வலிக்கிற காலப் பத்தி எனக்குக் கவலையே இல்லம்மா. வலிச்சா நீங்களே ஓடி வந்துடுவீங்க. வலிக்காத காலுதான் பயம். முள்ளு குத்துனாலும் தெரியாது, வெந்நி பட்டாலும் தெரியாது. புண்ணு எலும்பு வரைக்கும் போனப்பறம் தூக்கிட்டு வருவாங்க. நானும் எத்தனையோ பாத்துட்டேன்."

நூர்ஜஹான் கையில் பேனா போல ஒரு பிடி இருந்தது. அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் இழையை உள்ளங்காலில் வைத்து அது வளையும் வரை அழுத்துவாள். தெரிந்தால் "ஆமா" என்று சொல்ல வேண்டும். பத்து இடம். அவ்வளவுதான் பரிசோதனை.

முதலில் குந்தவை உட்கார்ந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பத்து இடத்தில் நாலுக்குத்தான் "ஆமா" சொன்னாள். மற்ற ஆறுக்கும் சும்மா இருந்தாள், இழை வளைந்து நிமிர்ந்தது. நூர்ஜஹானின் முகம் மாறியதைப் பக்கத்து பெஞ்சிலிருந்து மங்களம் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதல் முறையாகக் குந்தவை எதிலோ தோற்றிருக்கிறாள், அதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறது.

அடுத்தது மங்களத்தின் முறை. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டதாகத்தான் நூர்ஜஹான் நினைத்தாள். இமைக்கு நடுவே ஒரு நெல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்தாள் மங்களம். அந்த வழியாக, இழை தன் கட்டைவிரலின் அடியில் போய் நின்று வளைவதைப் பார்த்தாள். காலில் ஒன்றுமே தெரியவில்லை. நாற்பது வருஷம் சேற்றில் ஊறிய கால், தோல் தடித்துப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"ஆமா" என்றாள்.

அடுத்த இடம். ஆமா. அடுத்தது. ஆமா. பத்து இடத்துக்கும் ஆமா போட்டாள். நடுவே நூர்ஜஹான் தொடாமலே சும்மா கையை நீட்டிச் சோதித்தபோது வாயை மூடிக்கொண்டு இருக்கவும் தெரிந்தது அவளுக்கு.

"பத்துக்குப் பத்து! உங்க காலு நல்லாருக்கும்மா. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று நோட்டில் ஒரு டிக் போட்டாள் நூர்ஜஹான்.

வீடு வந்து சேருவதற்குள் தெருவில் நாலு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. சீர்காழியில் கட்டிக்கொடுத்த மகள் மாலதிக்கு போன் போட்டு, "உங்க சித்திக்கு நாலு, எனக்குப் பத்து" என்றாள். மாலதிக்கு ஏதோ பரீட்சை என்று மட்டும் புரிந்தது.

வெற்றியெல்லாம் மறுநாள் காலையோடு சரி.

தோற்றுப் போனவளுக்குத்தான் எல்லாம் கிடைத்தது. குந்தவையின் நோட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மெத்தென்ற அடிப்பாகம் வைத்த கறுப்புச் செருப்பு ஒரு ஜோடி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றக் கூடாதாம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் நூர்ஜஹான் வந்து பார்த்துவிட்டுப் போனாள், வந்தால் குந்தவை கையால் காபி. தினமும் இரண்டு கால்களையும் யாராவது பார்க்க வேண்டும், உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் எல்லாம். குந்தவையால் குனிந்து பார்க்க முடியாது என்பதால் அதை ராஜ்குமார் ஏற்றுக்கொண்டான்.

காலையில் மடை பார்த்துவிட்டு வந்து கையைக் கழுவுவான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் குந்தவை உட்காருவாள். அவன் எதிரே ஸ்டூல் போட்டு, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வான். ஒவ்வொரு விரலையும் பிரித்துப் பார்ப்பான். துண்டால் ஈரத்தை ஒற்றுவான். பிறகு நீலச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்து, அவளுக்கும் காட்டுவான். நடவுக்குப் போகிற பெண்கள் நின்று, "என்ன அண்ணே, பொண்டாட்டி காலடியே கதியா?" என்று கேலி செய்வார்கள். "ஆமாத்தா, வேற போக்கெடம்?" என்பான் அவன். குந்தவை வெட்கப்பட்டுக்கொண்டு சிரிப்பாள்.

சமையற்கட்டு ஜன்னலிலிருந்து மங்களம் இதைப் பார்ப்பாள். ஒரு நாள் தோசை கருகியது, ஒரு நாள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. புடவையையும் வீடியோ காலையும் பார்த்து எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ரெங்கசாமி அவள் காலைத் தொட்டது ஒரே ஒரு தரம். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன், கல்யாணப் பந்தலில், அம்மி மேல் அவள் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட்டபோது. அன்றைக்கு அவர் விரல் நடுங்கியது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதோடு சரி. அதற்குப் பிறகு அவளுக்குக் கால் என்று ஒன்று இருப்பதாகவே அவர் காட்டிக்கொண்டதில்லை.

"பாத்தீங்களா கூத்த? ஒங்க தம்பி காலங்காத்தால பொண்டாட்டி காலைப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துருக்கு" என்றாள் ஒரு நாள், சட்னியை அவர் தட்டில் கொட்டிக்கொண்டே.

"அதுக்குச் சர்க்கரை. பாக்கணும்ல."

"எனக்கும்தான் சர்க்கரை. அவளுக்கு மின்னாடியே வந்துச்சு."

"ஒனக்குத்தான் பத்துக்குப் பத்துன்னியே" என்று சொல்லிவிட்டு ரெங்கசாமி அடுத்த தோசைக்குக் காத்திருந்தார்.

மங்களம் இன்னொரு தோசை ஊற்றப் போனாள்.

ஆடி பிறந்தது. குந்தவைக்குக் கால் வீக்கம் இருந்ததால் மெட்டியைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வைக்கச் சொன்னாள் நூர்ஜஹான். ராஜ்குமாரே கழற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். மங்களத்துக்கு அல்வா சாப்பிட்டதுபோல் ஆகிவிட்டது. "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப மெட்டியக் கழட்டுவாளா ஒருத்தி?" என்று ஊரெல்லாம் சொன்னாள். "காலு இருந்தாத்தான அண்ணி மெட்டி போட முடியும்" என்று ராஜ்குமார் சிரித்துக்கொண்டே சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

சொன்னதோடு விட்டாளா? பதினெட்டாம் பெருக்குக்கு நான்கு நாள் இருக்கும்போது அம்மாபேட்டைக்கு பஸ் ஏறி, பத்தர் கடையில் மூன்று சுற்று மெட்டி வாங்கினாள். கனமான வெள்ளி, நடந்தால் சத்தம் கேட்க வேண்டும்.

"வெரலு வீங்குனாப்ல இருக்கும்மா. ஒரு சுத்துப் பெரிசாப் போட்டுக்கங்க" என்றார் பத்தர்.

"தொளதொளன்னு இருந்தா ஆத்தோட போயிடும். இதையே போடுங்க."

சோப்புத் தண்ணீர் தடவி, திருகித் திருகி ஏற்றினார். இடது கால் மெட்டி மட்டும் பாதியில் நின்று, பிறகு தோலைச் சுருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பத்தரே முகத்தைச் சுளித்தார். "வலிக்குதாம்மா?"

"கொஞ்சங்கூட இல்ல" என்றாள் மங்களம். பெருமையாகத்தான் சொன்னாள்.

பெருக்கன்று ஆற்றங்கரைக்கு வெறுங்காலோடு, சிமெண்டுச் சாலையில் டங்டங்கென்று நடந்தாள். குந்தவை கறுப்புச் செருப்போடு படித்துறை வரை வந்தாள். காப்பரிசித் தட்டை ராஜ்குமார் சுமந்து வந்தான். மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளத் தலை குனிந்தபோது குந்தவையின் கண் மங்களத்தின் காலில் விழுந்தது.

"அக்கா, மெட்டி ரொம்ப இறுக்கமா இருக்கே. வெரலு செவந்துருக்கு பாருங்க."

"என் காலு ஒன் காலு மாதிரி இல்லடி" என்று சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள் மங்களம். "பத்துக்குப் பத்து."

இது நடந்து ஒன்பதாம் நாள். குந்தவையும் ராஜ்குமாரும் காலையிலேயே அம்மாபேட்டையில் ஒரு சிநேகிதர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். ரெங்கசாமி சம்பா நாற்றங்காலுக்குப் போய்விட்டார். வாசலில் யாரும் இல்லை. தூணில் ஆணியடித்து அந்த நீலச் சட்டக் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படி அதில் என்னதான் தெரிகிறது என்று பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது மங்களத்துக்கு. ஒரு ஆம்பிளை தினமும் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு ஒரு காலில் என்ன இருக்கும்? கண்ணாடியை எடுத்தாள். அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்கு மேலே இடது காலைத் தூக்கிப் பிடித்தாள்.

முதலில் வெடிப்பு விழுந்த குதிகால் தெரிந்தது. அது ஏற்கெனவே தெரிந்ததுதான். பிறகு விரல்கள். இரண்டாவது விரல் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பருத்திருந்தது. மெட்டியைக் காணோம், சதை அதை விழுங்கியிருந்தது. விரலின் அடியில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ ஈரம், ஓரத்தில் கறுப்பு. சேறு என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். சேறு இல்லை. முந்தானையில் நாற்றம் அடித்தது. விரல் நுனியால் அங்கே அழுத்திப் பார்த்தாள். கைக்குச் சூடும் ஈரமும் தெரிந்தன. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில், ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டு, ஊன்றுகட்டையைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் நினைவுக்கு வந்தார். செருப்பில் ஆணி குத்தியது தெரியாமல் நாலு நாள் நடந்தவர் அவர். கால் போய்விடுமோ? தன் காலும் அப்படிப் போய்விடுமோ? வாய்விட்டு அழ வந்தது. ஆனாலும் பாருங்கள், அந்தப் பயத்துக்குள்ளேயும் அவளுக்கு இன்னொன்று நினைப்பு வந்தது: குந்தவைக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

தேங்காய் எண்ணெய் போட்டு மெட்டியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. மஞ்சளைக் குழைத்து அப்பினாள். கண்ணாடியைத் தூணில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் குந்தவை திரும்பி வந்தாள், ராஜ்குமார் அப்படியே வயலுக்குப் போய்விட்டான். வந்ததும் கால் கழுவி, கண்ணாடியை எடுத்தவள் அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி முழுக்க மஞ்சள் விரல் ரேகை. அடுத்த நிமிஷம் மங்களத்தின் வீட்டுக்குள் இருந்தாள்.

"அக்கா, காலக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல. ஒன் வேலையப் பாரு போ."

"காட்டுங்கன்றேன்."

"எனக்கெல்லாம் ஒண்ணும் வராதுடி!"

குந்தவை தரையில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, இடது காலைப் பிடித்தாள். மங்களம் உதறினாள், குந்தவை விடவில்லை. விரலைப் பிரித்துப் பார்த்தவளின் வாயிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. கேலி வரும், குத்தல் வரும் என்று மங்களம் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். "மாமா! மாமா! வண்டிய எடுங்க!" என்ற கூச்சல்தான் வந்தது.

சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த ரெங்கசாமி முழங்கால் வரை சேற்றோடு ஓடி வந்தார். ஒன்றும் புரியாமல் டிவிஎஸ்ஸை எடுத்தார். "அந்தக் காலத் தரையில வைக்காதீங்க அக்கா" என்று மங்களத்தைத் தாங்கி ஏற்றிவிட்டாள் குந்தவை. தன் கறுப்புச் செருப்பில் ஒன்றைக் கழற்றி அவளுடைய வலது காலில் மாட்டினாள். இரண்டு மாதமாகக் கண்ணை உறுத்திய செருப்பு. மங்களம் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா பார்த்தார். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, சீழ் பிடித்திருக்கிறது, எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று தஞ்சாவூரில் எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும், இன்றைக்கே போக வேண்டும் என்றார். "இன்னும் ஒரு வாரம் விட்டுருந்தீங்கன்னா காலுக்கே வந்துருக்கும்மா. இப்ப வெரலோட நிக்கலாம். வெரலையும் காப்பாத்தப் பாப்பாங்க."

மெட்டியை வெட்டி எடுக்கச் சின்னக் கத்திரி ஒன்றை நூர்ஜஹான் கொண்டுவந்தாள். "சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வந்து காலப் புடிங்க, ஆட்டக் கூடாது" என்று ரெங்கசாமியிடம் சொன்னாள்.

"நானா?"

"வேற யாரு?"

கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். வெள்ளி மூன்று இடத்தில் அறுபட்டுத் தட்டில் விழுந்தது. மங்களத்துக்கு அதன் சத்தம் மட்டும் கேட்டது. புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு முடித்ததும் நூர்ஜஹான் நோட்டைப் புரட்டினாள்.

"ஆனி மாசம் பத்துக்குப் பத்து. ரெண்டு மாசத்துல இப்படி ஆவாதே. எங்கியோ தப்பாருக்கே. நான்தான் சரியாப் பாக்கலியா?"

அவள் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டதுதான் மங்களத்தை உடைத்துவிட்டது.

"ஒங்க தப்பில்ல சிஸ்டர். நான் கண்ண மூடல. பாத்துக்கிட்டேதான் சொன்னேன்."

"ஏம்மா?"

"அவளுக்கு நாலு வந்துச்சு" என்றாள் மங்களம். ரெங்கசாமி அவளைப் பார்த்தார். கேலி எதுவும் செய்யவில்லை.

நூர்ஜஹான் நோட்டைக் கீழே வைத்தாள். "தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள வலது காலப் பாத்துடலாம். இந்தத் தடவ நான் ஒங்கள நம்ப மாட்டேன்" என்று ரெங்கசாமியின் தோளிலிருந்த துண்டை வாங்கி மங்களத்தின் கண்ணைச் சுற்றிக் கட்டினாள்.

துண்டில் சேற்று மணம் அடித்தது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. மங்களம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இந்தத் தடவை உண்மையாகச் சொல்ல வேண்டும், ஒன்று தெரிந்தாலும் ஒன்று என்று சொல்ல வேண்டும். வெளியே யாரோ இருமினார்கள். மின்விசிறி சுற்றியது. நூர்ஜஹான் எதையோ தேடுகிறாள்போலும் என்று நினைத்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"ஆரம்பிங்க சிஸ்டர்" என்றாள்.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றாள் நூர்ஜஹான்.

பிறகு ரெங்கசாமியின் குரல் கால்மாட்டிலிருந்து வந்தது. "மங்களம், இது தெரியுதா?"

"எதுங்க?"

மங்களம் துண்டை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுப் பார்த்தாள். ரெங்கசாமி அவளுடைய வலது பாதத்தின் விரல்களைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பொத்தியிருந்தார். கட்டைவிரலால் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் நிறைந்திருந்தது. அன்றைக்குப் பந்தலில் நடுங்கியதுபோலவே விரல்கள் நடுங்கின. நடுங்குவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"இனிமே தெனம் நீங்கதான் பாக்கணும் அண்ணே, ரெண்டு காலையும்" என்றாள் நூர்ஜஹான், நோட்டில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே. "செருப்பும் கண்ணாடியும் தர்றேன்."

"பாக்கறேன்" என்றார் ரெங்கசாமி. கையை எடுக்கவில்லை.

இருபத்தொன்பது வருஷம் கழித்து அவர் பிடித்திருக்கிறார், அது அந்தக் காலுக்குத்தான் கிடைத்தது, தனக்குக் கிடைக்கவில்லை. மங்களம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் காலைப் பார்க்கவே அவளுக்குப் பொறாமையாக இருந்தது.